நாலு அங்குலப் படியும் நிற்காத தண்ணீரும்

குளியலறை கட்டிக் கொடுக்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: எந்த வீட்டுக்குப் போனாலும் ‘உட்காருங்க’ என்று சொல்வதற்கு முன்னால் பாத்ரூமைத் திறந்து காட்டிவிடுவார்கள். காபி பிறகுதான் வரும். சில வீடுகளில் வராது. டிப்ளமோ சிவில் படித்துவிட்டு, பெரிய பாலமாகக் கட்டப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், நெய்வேலி நகரியத்தில் இருபது வருஷமாக அடுத்தவர் குளிக்கும் இடத்தில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் பெயர் கோமதி. எங்கள் ப்ளாக்கில் கோமதி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘பாத்ரூம் அக்கா’ என்று கேளுங்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு உடைந்த டைல்ஸை மாற்றலாம் என்று ஆரம்பித்து, மூன்று மாதம் பக்கத்து வீட்டில் குளித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். இருந்தால் நீங்கள் நம்ம ஆள், பக்கத்தில் வந்து உட்காருங்கள். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு பாத்ரூமின் பாடு. ஐந்தடிக்கு ஏழடி, அவ்வளவுதான்.

ஸ்பீக்கரில் வந்த நிபந்தனை

சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மைன்ஸில் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரி வெட்டுகிற பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்துவிடாமல் இறைத்து வெளியே தள்ளுகிற வேலை. ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அதுவரைக்கும் குவார்ட்டர்ஸ் வாசம்தான். நான் போய் நின்றதும் வழக்கம்போல பாத்ரூமைத் திறந்தார். கதவுக்குக் கீழே, தண்ணீர் ஹாலுக்கு வராமல் தடுக்க, நாலு அங்குல உயரத்துக்கு ஒரு படி. அதைக் காலால் தட்டிக் காட்டி, “இதுதாம்மா” என்றார். அவர் வீட்டுக்காரம்மா முத்துலட்சுமி அக்கா குளித்துவிட்டு ஈரக் காலோடு வெளியே வரும்போது அந்தப் படியில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார். இடது இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிற நிலைமைக்கு வந்து, நாலு மாதமாகக் கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே தினமும் அண்ணிதான் குளிப்பாட்டிவிட்டார். அந்த அண்ணன் மகள் ஆறு வாரத்தில் பிரசவத்துக்கு வருகிறாள். கீழே இருப்பதே ஒரு அறைதான். ஒரே மகன் புனேயில் மூன்றாவது மாடியில் இருக்கிறான், அங்கே லிஃப்ட் கிடையாது.

அப்படியானால் அக்கா இங்கேதானே வர வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். அண்ணாச்சி போனை எடுத்து நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீயே சொல்லு, பாத்ரூம் கட்டுறவங்க வந்திருக்காங்க என்றார். குளிப்பாட்டிவிட ஒரு அம்மாளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி ஏற்கெனவே சொல்லிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்கா குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

“எங்க அண்ணி நல்லவங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா அடுத்தவங்க முன்னால உக்காந்து குளிச்சது போதும்மா. கதவைச் சாத்திக்கிட்டு நானாக் குளிக்கணும். அதுக்கு வழி உண்டுன்னா சொல்லுங்க, வாரேன்.”

வாக்கர் பிடித்த வதந்தி

குவார்ட்டர்ஸ் என்பது நம் வீடு இல்லை. ஆணி அடிக்கலாமா என்பதற்கே யோசிக்க வேண்டிய இடத்தில் தரையை உடைக்கப் போகிறோம். கம்பெனியின் சிவில் அலுவலகத்தில் கேட்டபோது ஒரு தாளில் நிபந்தனைகளைக் கொடுத்தார்கள். சுவரை இடிக்கக் கூடாது. தண்ணீர் ஹாலுக்கு வரக் கூடாது. கைப்பிடிக் கம்பி ஒரு ஆளின் எடையைத் தாங்க வேண்டும். சுவிட்ச், தண்ணீர் தெறிக்காத தூரத்தில் இருக்க வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் முதல் நிபந்தனையிலேயே எனக்குத் தலை சுற்றியது. கதவு வழி இரண்டே கால் அடி. சுவரை இடிக்காமல் அதற்குள் வாக்கரும் ஆளும் எப்படிப் போவது?

சரி, பேப்பரில் கணக்குப் போட்டால் ஆகாது, நடந்து பார்த்துவிடுவோம் என்று நாலு வீடு தள்ளி ஒரு வாக்கரைக் கடன் வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஒத்திகை பார்த்துக்கொண்டே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பழைய மரநிலை இரண்டு பக்கமும் தடித்தடியாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு மெல்லிய இரும்பு நிலை வைத்து, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்தால் ஐந்து அங்குலம் கிடைக்கும். சுவரில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டாம். எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது. அந்த சந்தோஷத்தில் அதே வாக்கரோடு அதே தெருவில் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பு சேர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் வாழைப்பழம் கொண்டுவந்தார். இரண்டாவதாக வந்தவர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த டாக்டர் என்று விசாரித்தார். அவர் முழித்தார். எதிர் வரிசை சரோஜா டீச்சர் கை நிறையச் சாத்துக்குடியோடு வந்தபோது நான் வாசல் தெளிக்க வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் காலையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆளுக்கு ஒன்றும் இல்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

“கால் நல்லாத்தான் இருக்கா? சரி, வாங்கினது வாங்கிட்டேன். வச்சுக்க, வேற எதுக்காச்சும் ஆகும்.”

திரும்ப வைக்க மறுத்த படி

நிபந்தனைத் தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. வீட்டைக் காலி செய்யும்போது மாற்றியதையெல்லாம் பழையபடி செய்து ஒப்படைக்க வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற வரி அது. அலுவலகத்தில் மேஜை முன்னால் நின்று அண்ணாச்சி அதைப் படித்துவிட்டார். பம்ப் ஆபரேட்டர்கள் மீட்டரையும் தாளையும் நிதானமாகத்தான் படிப்பார்கள், அது அவர்கள் பழக்கம். மறுபடியும் ஒரு தடவை படித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

மரநிலையைத் திரும்ப வைத்துத் தருகிறேன், பழைய கதவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆனால் அந்தப் படியை மட்டும் என் கையால் வைக்க மாட்டேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கோ கையெழுத்து இல்லாமல் வேலை தொடங்காது, வேலை தொடங்காமல் அக்கா வர மாட்டார். ‘அண்ணாச்சி, மூணு வருஷம் கழிச்சு வர்ற விஷயத்துக்கு இப்ப ஏன் முறுக்கிக்கறீங்க’ என்று கெஞ்சினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் நாலு மாதமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தினமும் அந்தப் படியைத் தாண்டித்தான் குளித்துவிட்டு வந்திருக்கிறார். அது எனக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் விண்ணப்பம் வாங்குகிற அம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டே ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார். படி விஷயத்தில் மட்டும் ‘அலுவலகம் கேட்டுக்கொண்டால்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதச் சொன்னார். அண்ணாச்சி தயங்கினார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“எழுதிக் குடுங்க சார். இத்தனை வருஷத்துல எங்க வீட்டுக்குப் படி வேணும்னு கேட்டு யாரும் எங்கிட்ட மனு குடுத்ததில்ல.”

கடையில் ஒரு பரீட்சை

வழுக்காத டைல்ஸ் என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. பண்ருட்டியில் எனக்குப் பழக்கமான ஒரு கடை உண்டு. அங்கே போனால் ஒரு டைல்ஸைத் தரையில் போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றி, கைப்பையிலிருந்து சோப்பை எடுத்துத் தேய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி நின்று ஆட்டிப் பார்ப்பேன். முத்துலட்சுமி அக்காவுக்காகப் போனபோது பதினோரு டைல்ஸில் நின்று பார்த்தேன். மற்ற வாடிக்கையாளர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒதுங்கி நின்றார்கள். பன்னிரண்டாவதில் கால் கல் மாதிரி நின்றது. பார்க்க அழகில்லை, சாம்பல் நிறம், சொரசொரவென்று இருந்தது. அதுதான் வேண்டும் என்றேன். கடைக்காரர் தரை துடைக்கிற மாப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

“எடுத்துக்கங்க மேடம். ஆனா போன தடவை நீங்க டெஸ்ட் பண்ணிட்டுப் போனப்புறம் என் மச்சான்தான் வழுக்கி விழுந்தான், தெரியுமா?”

வாட்டச் சண்டை

மேஸ்திரி ஏழுமலை காடாம்புலியூர்க்காரர். முந்திரிக் காட்டுக்கு நடுவில் பிறந்து, பக்கத்து ஊர்களில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவர். தரையைப் பார்த்தாலே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவார். இந்த வேலையில் அவருக்கு இரண்டு கட்டளை. படியை எடுத்துவிட்டுப் பாத்ரூம் தரையை ஹால் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், எங்கேயும் கால் தட்டக் கூடாது. தண்ணீர் மட்டும் எதிர் மூலையில் இருக்கிற வடிகாலுக்குப் போக வேண்டும். அதற்குத் தரையில் மெல்லிய சரிவு கொடுக்க வேண்டும், அதை மேஸ்திரிகள் வாட்டம் என்பார்கள். வாட்டம் குறைந்தால் தண்ணீர் ஹாலுக்கு வரும். கூடினால் வாக்கர் தானாக நகரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவுதான் இடம்.

அண்ணாச்சிக்கு அந்த நூல் போதவில்லை. தண்ணீர் என்று வந்துவிட்டால் அவரும் நிபுணர் அல்லவா? இன்னும் வாட்டம் வையுங்கள் என்றார். இரண்டாவது வடிகால் வைக்கலாம் என்றார். மூலையில் சின்னதாக ஒரு தொட்டி கட்டி அரைக் குதிரைசக்தி பம்ப் ஒன்று போட்டுவிட்டால் கவலையே இல்லை என்றார். ஒரு ஆள் குளிக்கிற தண்ணீருக்குப் பம்ப் செட் கேட்ட வாடிக்கையாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏழுமலை வாட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இவுரு கேக்கற வாட்டத்த வச்சிகினு இருந்தா, தண்ணிக்கு முன்னாடி அந்தம்மா போயி ஓட்டையில நிக்கும். நீங்களே சொல்லுங்க மேடம்.”

காணாமல் போன தண்ணீர்

தரையில் கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டபின், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், ஒரு சோதனை உண்டு. வடிகாலைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். சுவரில் பென்சிலால் கோடு போட்டுவைப்போம். கோட்டை விட்டுத் தண்ணீர் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அலுவலகத்திலிருந்து இன்ஜினீயர் வந்து கோட்டைப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்கு விடுவார்.

காலையில் தண்ணீர் கட்டினோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், தரை பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது. அடைப்புக் கட்டை அடைத்த இடத்திலேயே இறுக்கமாக இருந்தது. வெளிச் சுவரில் ஈர ஓதம் இல்லை. அவ்வளவு தண்ணீரும் பூமிக்குள் போயிருந்தால் பூச்சில் ஓட்டை என்றுதானே அர்த்தம்? ஏழுமலை முகத்தில் ஈயாடவில்லை. பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கை பூசினார். அது காய ஒரு வாரம். மறுபடி தண்ணீர் கட்டினோம். மறுநாள் மறுபடி காய்ந்து கிடந்தது. அவர் வடிகால் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருஷத்தில் என் தரை ஒழுகியதில்லை, இந்த வூட்டில் ஏதோ இருக்கிறது, நான் இனிமேல் இந்தப் பக்கம் வரவில்லை என்றார். ஆறு வாரத்தில் இரண்டரை வாரம் அப்படியே போய்விட்டது. அன்றைக்குக் கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்து, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். பூச்சு காய்ந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் இல்லை, ஆனாலும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏழுமலையைக் கையைக் காலைப் பிடித்து இழுத்து வந்து மூன்றாம் தடவை தண்ணீர் கட்டினேன். இந்த முறை நான் அந்த வீட்டை விட்டு நகரவில்லை, சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு அண்ணாச்சி வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. சைக்கிளை நிறுத்தினார், சட்டையைக் கழற்றி மாட்டினார், கை கழுவப் பாத்ரூம் பக்கம் போனார். தண்ணீரைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார், நேராகப் போய் வடிகால் கட்டையைப் பிடுங்கினார். தண்ணீர் இறங்கும் வரை இடுப்பில் கை வைத்து நின்றார். மிச்சத்தைத் துணியால் ஒற்றித் துடைத்தார். பிறகு, திறந்த வால்வை மூடுகிற பழக்கம் போகுமா, கட்டையை இருந்த இடத்திலேயே ஒழுங்காக அடித்துச் செருகினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றேன். கையில் ஈரத் துணியோடு என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது.

“டெஸ்ட்டுன்னு தெரியும்மா, நீங்கதான் சொன்னீங்களே. ஆனா முப்பத்திரண்டு வருஷமா நிக்கிற தண்ணியைப் பாத்துட்டு நான் சும்மா போனதில்ல, கை அதுவாப் போயிருது.”

சாவி என்னிடம், மனிதர் பக்கத்து வீட்டில்

நாலாவது தடவை பாத்ரூமைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அண்ணாச்சி பக்கத்து வீட்டில் குளித்தார். அந்த வீட்டுக்காரர் இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார்.

“உங்க அண்ணாச்சி குளிச்சுட்டுப் போனா எங்க பாத்ரூம் நாங்க குடிவந்த அன்னிக்கு இருந்ததைவிடக் காய்ஞ்சு கிடக்குதுங்க. இன்னும் ஒரு வாரம் அனுப்புங்களேன்.”

எந்தக் கால்?

தண்ணீர் கோட்டிலேயே நின்றது. இன்ஜினீயர் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு வேலை பறந்தது. சாம்பல் டைல்ஸ் ஒட்டியாயிற்று. சுவரோடு மடக்குகிற இருக்கை, அதன் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, கையில் பிடித்துக் குளிக்கிற ஷவர், ஷவர் பிடிக்காதென்று அக்கா சொன்னதால் வாளி வைக்க உயரமாக ஒரு மேடை. சுவிட்சைக் கதவுக்கு வெளியே கொண்டுபோனோம். என் ட்ராயிங் அச்சடித்த மாதிரி அப்படியே தரையில் இறங்கியிருந்தது. கடைசிச் சோதனைக்கு இன்ஜினீயர் வருகிற அன்று நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுப் பக்கத்து இளைஞர் அவர். அதிகம் பேச மாட்டார். வாளியில் தண்ணீர் எடுத்துக் கதவு ஓரத்தில் ஊற்றினார், அது ஹால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் மூலைக்கு ஓடியது. கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். இருக்கையில் உட்கார்ந்தார். இடது கையால் கம்பியைப் பிடித்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அந்தம்மாவுக்கு எந்தப் பக்கம் அடிபட்டது என்று கேட்டார். இடது இடுப்பு என்று அண்ணாச்சி சொன்னார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. குழாய் வலது பக்கம் இருக்கிறதே என்று கம்பியை இடது பக்கம் வைத்துவிட்டேன். எழுந்து நிற்க பலம் கொடுக்க வேண்டிய வலது பக்கத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை. முதல் நாளே கேட்ட விஷயம்தான், கேட்டதோடு சரி, பேப்பரில் ஏற்றவில்லை. தண்ணீரை வெளியேற்றிய அண்ணாச்சியை ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்ஜினீயர் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. வலது பக்கமும் ஒரு கம்பி போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். போகும்போது என் ட்ராயிங்கை மடித்துக் கையில் கொடுத்தார்.

“எல்லா அளவும் சரியாப் போட்டிருக்கீங்க. அவங்க எந்தக் கால்ல நிப்பாங்கன்னு மட்டும் போடலீங்களே.”

கதவுக்கு வெளியே நாங்கள்

அக்கா வந்து இறங்கியபோது ஆறு வாரத்தில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது. விருத்தாசலத்தில் ரயிலிலிருந்து இறக்கி, கார் வைத்து அண்ணாச்சி அழைத்து வந்திருந்தார். நானும் ஏழுமலையும் வாசலில் நின்றோம். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். காபி போட்டு வைத்திருக்கிறேன், முதலில் உட்கார் என்று அண்ணாச்சி சொன்னார். அக்கா உட்காரவில்லை. மாற்றுப்புடவையை வாக்கர் மேல் போட்டுக்கொண்டு நேராகப் பாத்ரூமுக்குப் போனார். படி இருந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றார். வாக்கரை முன்னால் தள்ளினார், அது தடங்கல் இல்லாமல் உள்ளே போனது. பின்னாலேயே அவரும் போனார். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

அவசரம் என்றால் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் வைத்திருந்தோம். ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் போதும். அண்ணாச்சி ஒற்றை ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கதவை ஒட்டி நின்றார். தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். யாரும் காபியைத் தொடவில்லை. தரைக்கு வாட்டம் போதுமா, கம்பிக்குத் திருகு போதுமா என்று நான் மனசுக்குள் எல்லாவற்றையும் மறுபடி அளந்துகொண்டிருந்தேன். திடீரென்று உள்ளே டமார் என்று ஒரு சத்தம். உட்கார்ந்திருந்த ஏழுமலை எழுந்துவிட்டார். அண்ணாச்சி நாணயத்தைத் தாழ்ப்பாளில் செருகிவிட்டார். சொம்புதான் விழுந்தது, யாரும் வர வேண்டாம் என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. அண்ணாச்சி திருப்பவில்லை. நாணயத்தை உருவி எடுத்துக்கொண்டு, கதவுக்கு எதிரே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிஜமாகச் சொல்கிறேன், ஒரு கதவைத் திறக்காமல் இருப்பதற்கு ஒரு ஆள் அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, அக்காவே கதவைத் திறந்தார். புடவையை அவரே கட்டியிருந்தார், கொசுவம் கோணல்மாணலாக இருந்தது. தலையில் துண்டு. முகம் முழுக்க ஒரே சிவப்பு, அழுதாரா சோப்புத் தண்ணீர் பட்டதா தெரியவில்லை. நல்லா இருந்ததா, தண்ணீர் சூடு போதுமா, எங்கேயாவது வலிக்கிறதா என்று அண்ணாச்சி தரையில் உட்கார்ந்தபடியே கேள்வி மேல் கேள்வி கேட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, வாக்கரை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து நின்று, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

“முதுகுக்குக் கை எட்டல, அழுக்கு அப்படியேதான் இருக்கு. இருந்துட்டுப் போட்டும்.”

இருபது வருஷத்தில் நான் கட்டிக் கொடுத்த பாத்ரூம்களில், குளிக்கப் போன ஆள் அழுக்கோடு வெளியே வந்து எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது இது ஒன்றுதான்.